கரையான் வயிற்றில் நடப்பது நம் தொட்டியில் நடக்குமா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணா, எங்கள் தோப்பை ஒட்டி நார் மில் இருக்கிறது, நார்த்தூள் மலைபோலக் கிடக்கிறது. கரையான் குடலில் இருக்கும் பாக்டீரியாவை அதில் விட்டால் இரண்டு வாரத்தில் எத்தனால் ஆகிவிடும், பெட்ரோலில் கலக்க வாங்கிக்கொள்வார்கள் என்று ஒருவர் சொல்கிறார். தொட்டி, பாக்டீரியாக் கல்ச்சர் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் கேட்கிறார். அறிவியல்படி இது உண்மையா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி, பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆனால் அவர் பேசிய அறிவியல் முழுப் பொய்யும் கிடையாது. பூச்சிக் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் மரத்தையும் வைக்கோலையும் சர்க்கரையாக உடைப்பது உண்மை. அதை எரிபொருளுக்குப் பயன்படுத்த முடியுமா என்று உலகம் முழுக்கப் பல வருடமாக ஆராய்ச்சி நடப்பதும் உண்மை. படிக்கிற காலத்தில் நானே அதில் ஒரு சின்ன மூலையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். எது வரை உண்மை, எங்கிருந்து விற்பனைப் பேச்சு என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நீளமாகத்தான் போகும்.

கள்ளிலிருந்து ஆரம்பிக்கலாம். நம் சித்தூர் தாலுகாக்காரர்களுக்கு அதைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. காலையில் இறக்கும்போது இனிப்பாக இருக்கும் பாளைச் சாறு மத்தியானத்துக்குள் நுரை கட்டி, சாயங்காலம் காட்டம் ஏறிவிடுகிறது. சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் எத்தனாலாக, அதாவது சாராயமாக மாற்றுவதால் வரும் காட்டம் அது. யாரும் அதில் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை, பானையிலும் காற்றிலும் ஒட்டியிருந்ததே போதும். சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருக்கிறது, அதனால் ஈஸ்டுக்கு அது பந்தியில் உட்கார்ந்ததும் இலையில் விழுகிற சாப்பாடு.

அதே மரத்தின் மட்டையிலும் ஓலையிலும் தண்டிலும்கூட சர்க்கரை இருக்கிறது, சாற்றில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது, ஆனால் பூட்டி வைத்திருக்கிறது. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்த மாலை. அரிசி மாவும் அதே குளுக்கோஸ் மணிகளால் ஆனதுதான், மணிக்கும் மணிக்கும் நடுவில் இருக்கும் கொக்கி மட்டும் வேறு மாதிரி திரும்பியிருக்கிறது. அந்த ஒரு திருப்பத்தால் ஒன்று சோறாகிறது, இன்னொன்று பஞ்சாகி வேட்டியாகிறது. செல்லுலோஸ் மாலைகள் கட்டுக்கட்டாக நெருங்கி அடுக்கியிருக்க, அவற்றைச் சுற்றி வேறு சர்க்கரைகளும் கலந்த ஹெமிசெல்லுலோஸ், அதற்கும் மேல் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு லிக்னின் என்று இருக்கும். லிக்னினில் சர்க்கரையே கிடையாது. மரத்துக்கு உறுதியைத் தருவதும் அதுதான், நமக்குத் தொல்லை தருவதும் அதுதான்.

இப்போது உங்கள் நார்த்தூளை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் சகிரிச்சோறு என்கிறார்கள், பெயரில் சோறு இருக்கிறதே தவிர மாடுகூட அதில் வாய் வைக்காது. கோவை வேளாண் பல்கலைக்கழகக் கணக்குப்படி அதில் லிக்னின் சுமார் 30 சதவீதம், செல்லுலோஸ் சுமார் 26 சதவீதம். பூட்டு பெரிது, பெட்டிக்குள் இருப்பது குறைவு. அது கட்டி கட்டியாகக் கப்பலேறி வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குப் போவதற்குக் காரணமே, தண்ணீரைப் பிடித்து வைக்கும், சீக்கிரம் மக்கிப் போகாது என்பதுதான். எத்தனால் முயற்சிக்கு இதைவிடக் கடினமான பொருளை நம் பக்கத்தில் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

சரி, கரையானுக்கு வருவோம். இந்தப் பக்கம் சிதல் என்றும் சொல்வோம், அது பழைய தமிழ்ச் சொல்லும்கூட. 1920-களில் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் என்ற விலங்கியலாளர் ஒரு சோதனை செய்தார். கரையானைக் கொல்லாமல் அதன் குடலில் இருக்கும் ஒற்றைச் செல் உயிர்களை மட்டும் வெப்பத்தாலும் ஆக்சிஜனாலும் அழித்தார். அதற்குப் பிறகும் அவை வழக்கம்போல மரத்தைத் தின்றன, தின்றுகொண்டே பட்டினியில் செத்தன. மரத்தைச் செரிக்கும் வேலையில் பெரும்பங்கு குடலில் குடியிருப்பவர்களுடையது என்று அப்போது தெரிந்தது. 1998-ல் ஜப்பானியர்கள் கரையானின் சொந்த மரபணுவிலேயே செல்லுலேஸ், அதாவது செல்லுலோஸை உடைக்கும் நொதி, ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆக கரையானும் குடியிருப்பவர்களும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம் அது. எரிபொருள் பேச்சு சூடு பிடித்தது 2007-ல். கோஸ்டாரிக்காவில் மரம் தின்னும் ஒரு கரையானைப் பிடித்து, அதன் பின்குடலில் இருந்த பாக்டீரியாக்களின் மரபணுக்களை மொத்தமாகப் படித்து, நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். செல்லுலோஸையும் ஹெமிசெல்லுலோஸையும் உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. உங்களிடம் வந்தவர் பேசியதன் மூலவேர் அநேகமாக அந்தச் செய்திதான்.

ஒன்றைக் கவனியுங்கள். நம் வரப்பிலும் தோப்பு ஓரத்திலும் ஆள் உயரத்துக்குப் புற்றுக் கட்டும் கரையான் அந்தச் சாதி இல்லை. இது பெரும்பாலும் ஓடோன்டோடெர்மஸ் என்ற வகை, வீட்டுக்குள் விவசாயம் செய்வது. தின்ற இலையையும் குச்சியையும் பாதி செரித்த நிலையில் கழித்து, அதைத் தேன்கூடு மாதிரி அடுக்கி, அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சையை வளர்க்கிறது. புற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே பழுப்பு நிறத்தில் பஞ்சு போன்ற கூடு இருக்கும், அதன் மேல் கடுகைவிடச் சின்னதாக வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் இருக்கும். மழை விட்ட பிறகு நாம் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையின் பூதான். லிக்னினைத் தளர்த்தும் கடினமான வேலையில் பெரும்பகுதியைக் குடலுக்கு வெளியே, இந்தத் தோட்டத்தில் வைத்து முடித்துக்கொள்கிறது கரையான். அதனால் நம் ஊர்ப் புற்றுக் கரையானைப் பிடித்து, குடலை மட்டும் உருவி, அதிலிருந்து ஒரே ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தால், அந்த வேலையின் ஒரு துண்டுதான் கையில் வரும்.

நான் வேலை பார்த்தது கரையானில் இல்லை, கொம்பன் செல்லியின் புழுவில். தமிழ்நாட்டு வேளாண்மை அலுவலகங்களில் காண்டாமிருக வண்டு என்பார்கள். குருத்தைத் துளைத்து, விரிகிற ஓலையைக் கத்தரியால் முக்கோணமாக வெட்டியது போல ஆக்கிவிட்டுப் போகுமே, அதேதான். வண்டு மரத்தில், அதன் புழுவோ எருக்குழியிலும் செத்த தென்னந்தண்டிலும் மாதக்கணக்கில் மக்கு தின்றுகொண்டிருக்கும். வேலந்தாவளத்தில் எங்கள் வீட்டு எருக்குழியைக் கிளறினால் கை நிறையக் கிடைக்கும். கட்டைவிரல் தடிமன், வெள்ளை உடம்பு, சுருண்டு கிடக்கும். வால் பக்கம் மட்டும் தோலுக்கு அடியில் கருநீலமாக ஒரு வீக்கம் தெரியும், அதுதான் அதன் பின்குடல். புழுவைப் பிளந்தால் உடம்பில் பாதி குடல்தான். முன்னால் தாடை மக்கைத் தூளாக அரைக்கிறது. நடுக்குடல் கடுமையான காரம், இந்த வகை வண்டுகளின் புழுக்களில் பி.எச் 10-ஐத் தாண்டுகிறது என்று அளந்திருக்கிறார்கள். அதைக் கடந்து வந்த கூழ் பின்குடலில் வந்து தங்குகிறது, அங்கே அமிலமும் இல்லை காரமும் இல்லை, கோடிக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்கிறது. தொழிற்சாலையில் வைக்கோலைக் காஸ்டிக் சோடாவில் ஊற வைத்து இளக்குகிறார்கள் இல்லையா, அந்த வேலையை இந்தப் புழு சத்தமில்லாமல் நடுக்குடலில் செய்துவிடுகிறது. முதல்முறை இதைப் படித்தபோது அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தப் பின்குடல் கூழை எடுத்துக் கரைத்து, செல்லுலோஸ் கலந்த தட்டில் தடவி வளர்த்தேன். வளர்ந்த பிறகு காங்கோ ரெட் என்ற சாயத்தை ஊற்றி உப்புத் தண்ணீரில் கழுவினால், செல்லுலோஸ் இருக்கும் இடம் ரத்தச் சிவப்பாக நிற்கும், பாக்டீரியா உடைத்த இடம் மட்டும் அதைச் சுற்றி மஞ்சளாக வட்டம் போட்டிருக்கும். என் தட்டில் பதினொரு வட்டம். ஒன்று எட்டணாக் காசு அளவுக்குப் பெரியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பெரிய வட்டத்துக்காரனை எடுத்து, குடுவையில் நார்த்தூளும் தண்ணீரும் கொஞ்சம் உப்புச்சத்தும் போட்டு விட்டேன். மூன்று வாரம் ஆட்டிக்கொண்டே இருந்தது. வடிகட்டி, காய வைத்து, எடை போட்டால் தூள் போட்டபடியே இருந்தது, தராசில் சொல்லும்படி ஒன்றும் குறையவில்லை.

ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. தட்டில் நாங்கள் போட்டது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், அதாவது தண்ணீரில் கரையும்படி ஏற்கெனவே இளக்கி வைத்த செல்லுலோஸ். அதை நடுவில் வெட்ட ஒரே ஒரு வகைக் கத்திரி போதும், எண்டோகுளுகனேஸ் என்று பெயர். உண்மையான மட்டையை உடைக்க அது போக, நுனியிலிருந்து இரண்டிரண்டு மணியாகக் கழற்றும் நொதி ஒன்று வேண்டும், அந்த இரட்டை மணியைத் தனி குளுக்கோஸாகப் பிரிக்கும் நொதி ஒன்று வேண்டும், ஹெமிசெல்லுலோஸை உடைக்க சைலனேஸ் வேண்டும். இவ்வளவும் சேர்ந்து போனாலும், லிக்னின் விலகாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். மஞ்சள் வட்டத்தை வைத்துக்கொண்டு "செல்லுலோஸ் தின்னும் பாக்டீரியா" என்று எழுதிய ஆய்வேடுகள் நம் கல்லூரிகளில் ஏராளம், வட்டம் பொய் சொல்லவில்லை, அது சொல்வது கொஞ்சம்தான். உங்களிடம் வந்தவர் படம் காட்டினால், அது தட்டின் படமா, இல்லை மட்டையோ வைக்கோலோ எடை குறைந்த கணக்கா என்று கேளுங்கள். அதைவிட எளிதான சோதனையும் உண்டு. வடிதாளை ஒரு பட்டையாக வெட்டி, கல்ச்சர் இருக்கும் கண்ணாடிக் குழாயில் பாதி முங்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள். உண்மையிலேயே செல்லுலோஸைத் தின்கிற கூட்டமாக இருந்தால் தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தாள் மெலிந்து, லேசாகத் தட்டினால் அறுந்து விழும். அதற்குப் பிறகும் நார்த்தூள் வேறு கதை, ஆனால் குறைந்தபட்சம் பேச்சு ஆரம்பிக்கலாம்.

அடுத்த விஷயம் இன்னும் முக்கியம், இதை யாரும் சொல்வதில்லை. பூச்சியின் குடலில் எத்தனால் குறிப்பிடும் அளவில் தயாராவதில்லை! அங்கே கடைசியில் வருவது பெரும்பாலும் அசிட்டேட், புளிக்காடியில் இருக்கும் அதே அமிலத்தின் உப்பு. கரையான் அதை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. இடையில் ஹைட்ரஜன் நிறைய வருகிறது, அதைப் பிடித்து இன்னொரு பாக்டீரியா மறுபடியும் அசிட்டேட்டாக்கிவிடுகிறது, மிச்சத்தை மீத்தேன் செய்பவை எடுத்துக்கொள்கின்றன. ஒரு தாளைத் தின்றால் கரையான் 2 லிட்டர் ஹைட்ரஜன் தரும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை ஒரு காலத்தில் எழுதியதைப் பலரும் பகிர்ந்தார்கள். அந்த ஹைட்ரஜனில் பெரும்பகுதி குடலை விட்டு வெளியே வருவதே இல்லை. இத்தனையும் நடப்பது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடத்தில். ஓரத்தில் கொஞ்சம் ஆக்சிஜன், நடுவில் துளிகூட இல்லை, மயிரிழை தூரத்துக்குள் இரண்டு உலகம். ஆயிரம் லிட்டர் தொட்டியில் அந்த நிலைமையை உண்டாக்க முடியாது, ஒரே வகை பாக்டீரியாவை மட்டும் போட்டால் அது தனக்குப் பழகிய சூழலும் கூட்டாளியும் இல்லாமல் திண்டாடும், நம் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் சாதாரணக் கிருமிகள் நான்கே நாளில் அதை ஓரங்கட்டிவிடும்.

இனி பணக் கணக்கு. நார்த்தூள் காய்ந்த எடையில் ஒரு டன் என்று வையுங்கள். செல்லுலோஸ் 260 கிலோ. ஒரு துளி வீணாகாமல் உடைத்தால் குளுக்கோஸ் சுமார் 290 கிலோ. ஈஸ்ட் அதைப் புளிக்க வைத்தால் எடையில் 51 சதவீதம்தான் எத்தனாலாகும், மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். ஆக 148 கிலோ, லிட்டரில் 187 வரும். இது காகிதத்தில் எட்டக்கூடிய உச்சம், கையில் அதில் பாதி வந்தாலே பெரிய சாதனை. ஹரியானாவில் பானிப்பத்தில் இந்தியன் ஆயில் கட்டி 2022 ஆகஸ்டில் திறந்த ஆலையைப் பாருங்கள். செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல், வருடத்துக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோல் போட்டு 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம். வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 150 லிட்டர். நார்த்தூளைவிட எவ்வளவோ இளக்கமான வைக்கோலிலிருந்து, வைக்கோலை முதலில் பக்குவப்படுத்தும் பெரிய இயந்திரங்களோடு, இவ்வளவுதான் எதிர்பார்க்கிறார்கள். இந்த மாதிரி ஆலைகளில் உடைக்கும் வேலையைப் பொதுவாகச் செய்வது டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையின் நொதிகள். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை அரித்துத் தின்ற பூஞ்சை அது. இன்றைக்கு மேம்படுத்திய வகைகள் லிட்டருக்கு 100 கிராம் அளவுக்குப் புரதத்தை வெளியே கொட்டுகின்றன. குடல் பாக்டீரியா எதுவும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

தொட்டியில் ஒரு சதவீதம் எத்தனால் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பிரிக்கக் காய்ச்ச வேண்டும், மீதி 99 பங்குத் தண்ணீரையும் சேர்த்துச் சூடாக்குகிற விறகுச் செலவுக்கே எல்லாம் போய்விடும். அப்புறம் சட்டம். கேரளத்தில் கொல்லம் ஆண்டு 1077-லேயே அப்காரி சட்டம் வந்துவிட்டது, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1937-ன் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் எத்தனால் காய்ச்சினால், பெட்ரோலுக்குத்தான் என்று சொன்னாலும், எக்ஸைஸ்காரர்கள் வந்து தொட்டியோடு உங்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அப்படியானால் இந்த ஆராய்ச்சி வீணா என்று கேட்டால், நிச்சயமாக இல்லை, இன்றைக்கும் நான் என்னிடம் படிக்கும் பிள்ளைகளை இதில் தள்ளிவிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். குடலிலிருந்து நமக்குக் கிடைக்கும் பெரிய சொத்து நொதிகளும் அவற்றின் மரபணுக்களும். டெல்லியில் ஐ.சி.ஜி.இ.பி. என்ற பன்னாட்டு மரபணுப் பொறியியல் மையத்தின் ஆய்வாளர்கள் பருத்திக் காய்ப்புழுவின் குடலில் கிடைத்த பெனிபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் செல்லுலேஸையும் சைலனேஸையும் ஒரே புரதமாக இணைத்து, 2011-ல் வெளியிட்டார்கள். திருச்சியில் பட்டுப்புழுவின் குடலிலிருந்து செல்லுலோஸ், சைலன், பெக்டின், ஸ்டார்ச் உடைக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்த ஆய்வு வெளியானது 2010-ல். சைலோஸ் கதை இன்னும் அழகு. ஹெமிசெல்லுலோஸை உடைத்தால் சைலோஸ் என்ற, ஐந்து கரி அணு கொண்ட சர்க்கரை கிடைக்கும், நம் கள்ளு ஈஸ்டுக்கு அதைத் தின்னத் தெரியாது, அப்படியே மிச்சம் வைத்துவிடும். மரம் தின்னும் பஸாலிட் வண்டுகளின் குடலில் சைலோஸைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்களே குடியிருக்கின்றன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் யானைச் சாணத்தில் கிடைத்த ஒரு பூஞ்சையின் மரபணுவைச் சாதாரண ஈஸ்டுக்குள் வைத்து, 2003-ல் அதைச் சைலோஸ் தின்ன வைத்தார்கள். பூச்சியாகட்டும் யானையாகட்டும், குடலிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து, அதைத் தொழிற்சாலையில் வளர்க்கப் பழகிய உயிருக்குள் வைத்து வேலை வாங்குவதுதான் பலன் தருகிற வழி. அது பல வருட ஆய்வகப் பாடு, பாக்கெட்டில் வருகிற சமாச்சாரம் இல்லை.

உங்கள் நார்த்தூளுக்கு வருகிறேன். அதை எரிபொருளாக நினைப்பதை விட்டுவிட்டு உரமாக நினையுங்கள். கரையான் பூஞ்சையை நம்பியதைப் போல நாமும் பூஞ்சையை நம்பலாம். கோவை வேளாண் பல்கலைக்கழக முறைப்படி ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் போதும். மர நிழலில் தூளை ஒரு அடுக்குப் பரப்பி வித்து, அதன் மேல் தூளைப் பரப்பி யூரியா, மறுபடியும் தூளும் வித்தும், இப்படி மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால், ஒரு மாதத்தில் நிறம் கறுத்து, கையில் பிசைந்தால் மண் மாதிரி உதிரும். கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் இருக்கும் விகிதம் 112-க்கு 1 என்பதிலிருந்து 24-க்கு 1 என்று இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. லிக்னினைக் கரைக்கத் தெரிந்த பூஞ்சை அது, அதனால்தான் என் மஞ்சள் வட்டத்துக்காரன் தோற்ற இடத்தில் அது ஜெயிக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் செய்துவிடுங்கள், மூடாத குவியலில் மழை பெய்தால் வடியும் பழுப்புத் தண்ணீர் கிணற்றுக்குப் போகும். எரிவாயுதான் வேண்டும் என்றால் சாணம், வாழைத்தண்டு, சமையல் கழிவு இவற்றைக் கலனில் போடுங்கள், அங்கே மாட்டுக் குடலில் இருந்து வந்த கூட்டம் நீங்கள் ஒன்றும் சொல்லித் தராமலேயே மீத்தேன் எடுத்துத் தரும். நார்த்தூளை மட்டும் அதில் கொட்டிவிடாதீர்கள், செரிக்காமல் மிதந்து அடைத்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கவனம். உரக்குழியைப் பக்கத்திலேயே வைத்தால் கொம்பன் செல்லி முட்டையிட வந்துவிடும், உங்கள் இளந்தென்னைக்கு அதனால் ஆபத்து. பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணத்தைக் குழியில் கலந்துவிடுங்கள், புழுக்கள் அதில் பச்சையாகப் பூத்துச் சாகும். ஆனால் கலப்பதற்கு முன்னால் ஒரு தடவை குழியைக் கிளறி, நல்ல பெரிய புழுவாக இருபது எண்ணம், அந்த மக்கோடு சேர்த்தே வாளியில் எடுத்து, ஈரச் சாக்கு போட்டு மூடி நிழலில் வையுங்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், இந்த வருடம் இரண்டு பிள்ளைகள் பின்குடலில் வேலை செய்ய ஆசைப்படுகிறார்கள்.